உன் மாமாவின் குளத்தில் நான் போட்ட சோறு

தம்பி,

என் ஐம்பத்துநான்காவது வயதில், பாபகூராவில் ஒரு வீட்டின் பின்வளவில், குளக்கரை ஈரத்தில் முழந்தாளிட்டு இருந்துகொண்டு ஒரு மீனுக்கு என் சுட்டுவிரலைச் சப்பக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிராது. சப்பிய மீனைப் பார்த்து "என்ர குஞ்சு" என்று வாய்விட்டு வேறு சொன்னேன். பக்கத்து வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். என்ன சொன்னேன் என்பது அவளுக்கு விளங்கியிருக்காது. எப்படிச் சொன்னேன் என்பது நன்றாக விளங்கியிருக்கும். கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்த மீன் இன்று உயிரோடு இல்லை. கொன்றவன் நான். மீனுக்குச் சொந்தக்காரர், வருகிற தை மாதம் உனக்கு மாமனாராகப் போகிறவர். மணவறையில் நீ இருக்கும்போது அவர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார். நான் கூரையைப் பார்ப்பேன். ஏன் என்று உன் சித்தப்பாமாரிடம் கேட்டு, அவர்கள் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லி நீ அறிவதைவிட, என் வாயாலேயே ஒன்றுக்கு இரண்டாக அறிந்துகொள்வது நல்லது. வெலிங்டனில் ஆறுதலாக இருந்து வாசி. சுபாவுக்கு வாசித்துக் காட்டுவதென்றால் முதலில் முழுவதையும் நீ வாசித்துவிட்டுப் பிறகு யோசி.

நீயும் சுபாவும் பல்கலைக்கழகத்தில் பேசி முடித்துவிட்ட காரியத்தை நாங்கள் பெரியவர்கள் புதிதாகப் பேசத் தொடங்கிய நாள் உனக்கு நினைவிருக்கும். அன்று நீ உள்ளே இருந்து கிரிக்கெட் பார்த்தாய். சுபாவின் அப்பா, இனி உன் மாமா, என்னைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன் குளத்தைக் காட்டினார். தானே வெட்டிக் கறுப்புப் பிளாஸ்டிக் விரித்த குளம். நடுவில் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருக்கும் ஒரு சிமெந்துத் தவளை. உள்ளே ஏழெட்டுத் தங்கமீன்கள். அவற்றுக்கு நடுவில் ஆரஞ்சும் வெள்ளையுமாக, என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் நீளமான ஒன்று. அவர் கையைத் தட்டினார். எல்லாம் மேலே வந்து வட்டவட்டமாக வாயைத் திறந்தன. பல்லில்லாத, உள்ளே வெளிறிய ரோசா நிறமான வாய்கள். திறக்கும், மூடும், திறக்கும். ப்ச், ப்ச் என்று ஒரு சத்தம். பந்தியில் பாயாசம் உறிஞ்சுகிறவனுக்குப் பக்கத்து இலையில் இருந்து சாப்பிடுவதுபோல இருந்தது.

"இவள்தான் மூத்தவள்," என்றார் மாமா, பெரியதைக் காட்டி. "விடிய சுபா எழும்ப முதல் இவள் என்னட்டைக் கேட்டுச் சாப்பிட்டிடுவாள்."

அப்போது உன் மாமி தேநீரோடு வந்தார். உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டார். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்கட மகனுக்கு ஏழரைச் சனி நடக்குது. பொருத்தம் பரவாயில்லை எண்டு ஐயர் சொல்லிப்போட்டார். ஆனால் எனக்குச் சகுனம்தான் பெரிசு. கலியாணத்துக்கு முதல் ஒண்டு பிழைச்சாலும் நிப்பாட்டிப்போடுவன். பிறகு மனவருத்தப்படக் கூடாது." இதைச் சொல்லிக்கொண்டே என் தட்டில் இன்னும் இரண்டு வடையை வைத்தார். உன் கலியாணம் ஒரு நூலில் தொங்கியது உனக்குத் தெரியாது. நூலின் மற்றத் தொங்கலைப் பிடித்துக்கொண்டு வடை தின்றவன் நான்.

செப்டெம்பரில் அவர்கள் மூவரும் கூறைச்சேலை எடுக்கவும் தாலி செய்விக்கவும் சென்னைக்குப் போனார்கள். ஐந்து கிழமை. கூறை எடுத்துவிட்டால் கலியாணம் உறுதிதானே என்று நான் கேட்டதற்கு, "எடுத்த சீலை எப்பவும் உடுக்கலாம்தானே," என்றார் மாமி. மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு வீட்டுச் சாவியைக் கையில் வைத்தார். நான் மனுகாவில் குழாய்க் களஞ்சியத்தில் வேலை செய்கிறவன், பாபகூரா பக்கம்தானே என்பது கணக்கு. அதைவிடப் பெரிய கணக்கு, நான் ஒரு காலத்தில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞர். தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று அவரிடம் நானே சொல்லி வைத்திருந்தேன்.

"ஒரு சிட்டிகை, அண்ணை. ரெண்டு நாளைக்கு ஒருக்கா. தண்ணி இன்னும் குளிர், உதுகளுக்குச் செமிக்காது. அஞ்சு நிமிசத்தில தின்னாததை வலையால அள்ளிப்போடுங்கோ," என்றார். கார் ஏறப்போனவர் திரும்பி வந்தார். "மூத்தவள் கேப்பாள். குடுக்காதேங்கோ. அவள் எப்பவும் கேப்பாள்."

இனி உன் அம்மாவிடம் வருகிறேன். உன் ஏழரைச் சனியைப் பற்றி மாமி சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்கு நித்திரை இல்லை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நாங்கள் இங்கே ஏதோ பெயருக்குத்தான் விரதம் இருந்து வந்தோம். சாமியறையில் படைத்துவிட்டுச் சாப்பிட்டுவிடுவோம். இந்த முறை முறைப்படி செய்ய வேண்டும் என்று நின்றாள். முறைப்படி என்றால் எள்ளும் நல்லெண்ணெயும் கலந்த சோறு, எல்லா மரக்கறியிலும் ஒவ்வொரு துண்டு, தயிர். முதலில் சனீஸ்வரனின் வாகனமான காகம் அதைத் தொட வேண்டும். பிறகுதான் நாங்கள் வாயில் வைக்கலாம். நாங்கள் இருக்கும் ஏவன்டேலில் எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் முருங்கைக்காய்கூட உண்டு. காகம் இல்லை.

"மைனா நிக்குது, அதுக்கு வை," என்றேன்.

"மைனா சனீஸ்வரன்ர வாகனமோ?"

"அப்ப கடற்பறவை. கேட்காமலே வரும்."

"உது கடைக்குப் பின்னால குப்பை கிண்டுறது. அதுக்கோ என்ர விரதச் சோறு?"

"வேலி மேல கறுப்பும் வெள்ளையுமா ஒண்டு வாறது. மக்பை."

"அது பாதிதான் கறுப்பு," என்றாள் உன் அம்மா. "பாதி விரதம்தான் சேரும்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "கீரிமலையில பிண்டம் கரைக்கிறதை ஆர் தின்னுறது? மீன்தானே? பிதிரருக்கு வைச்சதை வாங்கித் தின்னலாமெண்டால் சனீஸ்வரனுக்கு வைச்சதைத் தின்னாதோ? நீங்கள் எப்படியும் அங்கை போறனீங்கள்தானே?"

இப்படித்தான் தொடங்கியது. சனிக்கிழமை காலை அம்மா தலைக்குத் தோய்ந்து சமைத்து, வாழையிலைக்குப் பதிலாக அலுமினியத்தாளில் ஒரு பொட்டலம் கட்டித் தருவாள். நம்முடைய கார் மோட்டார்வேயில் சூடாகிவிடும் என்பதால் நான் ரயிலில் நியூமார்க்கெட் போய், மாறி, பாபகூராவில் இறங்கி, குளத்தில் சோற்றைப் போட்டுவிட்டு மாமா வீட்டுத் தொலைபேசியில் அழைப்பேன். அதுவரைக்கும் உன் அம்மா ஏவன்டேலில் தொலைபேசிக்குப் பக்கத்தில் பட்டினியோடு இருப்பாள்.

"திண்டிட்டுது. நீ சாப்பிடு."

"எல்லாக் கறியும் தொட்டதோ?"

"வாழைக்காயை மட்டும் துப்பிப்போட்டுது."

"உங்களைப் போலத்தான்," என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

ஒரு பொட்டலச் சோற்றோடு நான் நின்றிருந்தால் மீன்களும் நின்றிருக்கும். நான் நிற்கவில்லை. முதல் சனிக்கிழமையே ஒரு காரியம் நடந்துவிட்டது. நான் கையைத் தட்டவில்லை, பின்வளவுக் கதவைத் திறந்தேன், அவ்வளவுதான். அந்தக் கூட்டம் முழுவதும் என் பக்கமாகத் திரண்டு வந்து வாயைத் திறந்தது. தம்பி, என்னைக் கண்டு ஒன்று ஓடி வந்து எத்தனை வருடம்! களஞ்சியத்தில் என் பெயரை முழுதாகச் சொல்லக்கூடியவர் ஒருவருமில்லை. நீ ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கிற தொலைபேசியில் எனக்குக் கிடைப்பது "ஹாய் அப்பா, புட் அம்மா ஆன்" என்கிற ஐந்து சொல். இதுகளுக்கு என்னில் என்ன ஒரு பிரியம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை வேலை முடிந்து போகும்போது மிஞ்சிய புட்டைக் கொண்டுபோனேன். செவ்வாய் பாண். புதன் அம்மாவுக்குத் தெரியாமல் கேசரி. மாமா சொன்ன ஒரு சிட்டிகைத் தீனியைப் பற்றி எனக்குள் ஒரு கோபமே வந்தது. இப்படிப் பட்டினி போடுகிறவர் வீட்டிலா என் பிள்ளை பெண்ணெடுக்கப்போகிறான் என்று யோசித்தேன். விரல் சப்பக் கொடுத்தது இரண்டாம் கிழமை. ஈரச் சுருக்குப்பைக்குள் கையை விட்டதுபோல இருக்கும். அருவருப்பான சங்கதி. தினமும் கொடுத்தேன். மூன்றாம் கிழமையே தண்ணீர் கலங்கி நுரைக்கத் தொடங்கியது; நான் வாய்களைத்தான் பார்த்தேன்.

இதே கையால் உனக்கும் ஒரு தடவை இப்படிச் செய்திருக்கிறேன். நான் முதலில் வந்து, இரண்டு வருடம் கழித்து நீயும் அம்மாவும் வந்து இறங்கினீர்களே, அன்று நீ பதின்மூன்று வயசுப் பெடியன். விமான நிலையத்தில் என்னைப் பார்த்து "ஹலோ" என்று கையை நீட்டினாய். எனக்கு அது தாங்கவில்லை. கூட்டிவர வந்த நண்பரின் காரில் ஏறியதும் சொக்லேட், பிறகு உருளைக்கிழங்குப் பொரியல், பிறகு ஐஸ்கிறீம். நீ போதும் என்றாய். மரியாதைக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். அப்பா எண்டு சொல்லு, இன்னொண்டு தாறன் என்றேன். நீ சொன்னாய். சொல்லிவிட்டு நண்பரின் புதுக் கார் முழுக்க வாந்தி எடுத்தாய். அந்த நண்பர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அன்றைக்குப் படித்திருக்க வேண்டிய பாடத்தை நான் ஒரு மீனிடம் போய்ப் படிக்க வேண்டியிருந்தது.

நான்காம் சனிக்கிழமை பின்வளவுக் கதவைத் திறந்தபோது முதலில் தெரிந்தது மணம்தான். அவிந்த முட்டையையும் புளித்த தோசைமாவையும் ஒரே சட்டியில் போட்டு மூடி வைத்ததுபோல ஒரு மணம். சிமெந்துத் தவளை கக்குவதை நிறுத்தியிருந்தது. பம்பின் வாயில் என் சோறு. குளத்தின் மேலே நல்லெண்ணெய்ப் படலம், அதில் ஒரு வானவில். அதன் கீழே தின்னப்படாத மூன்று கிழமைப் பருக்கைகள் ஊதி, புழுவைப்போல வெளிறி மிதந்தன. அதற்கும் கீழே பச்சைச் சளி. நடுவில் மூத்தவள், பக்கவாட்டில், ஒரு கண் வானத்தைப் பார்த்தபடி. வாய் அப்போதும் திறந்துதான் இருந்தது. பக்கத்தில் இரண்டு சின்னது. மதகும் வாய்க்காலும் வரைந்த கை இது, தம்பி. தண்ணீருக்கு மூச்சு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். குளம் சாகும்போது நான் அதற்குக் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பசியோடு காத்திருந்தாள். உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தேன். "திண்டிட்டுது," என்றேன். "எல்லாக் கறியுமோ?" "எல்லாக் கறியும்." அவள் சந்தோசமாக வைத்தாள். பொட்டலத்தை வேலியடியில் வைத்துவிட்டு வந்தேன். பாதிக் கறுப்பு மக்பை இறங்கி வந்து நிமிடத்தில் முடித்தது. பிறகு காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினேன். காலுக்குக் கீழே என்னவெல்லாமோ நசிந்தது. பெயர் சொல்ல விரும்பவில்லை. மூத்தவளை இரண்டு கையாலும் தூக்கினேன். வழுக்கி நெஞ்சில் விழுந்து, சட்டையின் உள்ளே சளியை இறக்கிவிட்டு, திரும்பக் குளத்தில் போய் விழுந்தாள். மூன்றாம் முறையில்தான் அகப்பட்டாள். எலுமிச்சை மரத்தடியில் மூவரையும் புதைத்தேன். பின்னேரம் வரைக்கும் வாளியால் அள்ளிக் குளத்தைக் கழுவிப் பம்பைத் திறந்து சோற்றைக் கிண்டி எடுத்தேன். திரும்பி வரும் ரயிலில் ஒரு முழுப் பெட்டியும் எனக்கே கிடைத்தது. ஏறினவர்கள் எல்லாரும் என் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்கள். அவர்களில் நானும் ஒருவனாக இருந்திருந்தால் போயிருப்பேன்.

வீட்டுக்கு வந்து சவர்க்காரம் கரையக் கரையக் கழுவினேன். மணம் போகவில்லை. மாமி இறங்கி வர இன்னும் ஒரு கிழமை. ஒரு சகுனம் பிழைத்தாலும் நிப்பாட்டிப்போடுவேன் என்றவர் அவர். இங்கே சகுனம் மூன்று பிழைத்து எலுமிச்சைக்குக் கீழே கிடந்தது. நீ சுபாவோடு எடுத்த படத்தை அம்மா சாமியறையில் வைத்திருந்தாள். அதற்கு முன்னால் போகவே எனக்குக் கால் வரவில்லை. என் வாழ்க்கையில் நான் பல காரியம் கெடுத்திருக்கிறேன், அவை என்னுடைய காரியங்கள். இது உன்னுடையது.

அடுத்த நாள் மீன் விற்கிற கடைக்குப் போனேன், அதே மாதிரி ஒன்றை வாங்கி இறக்கிவிடலாம் என்று. காதில் கடுக்கன் போட்ட ஒரு இளைஞன் நின்றான். கையால் நீளம் காட்டினேன். ஆரஞ்சும் வெள்ளையும் என்றேன். வாயோரத்தில் மீசை என்றேன். அவன் முகம் மாறியது.

"மீசையா? இரண்டு பக்கமுமா?"

"ஓம், இரண்டு பக்கமும்."

"அது தங்கமீன் இல்லை, கோய். இந்த நாட்டில் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஆறுகளை நாசமாக்குகிற மீன், சட்டப்படி குற்றம். நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?"

"கனவில்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அவர்கள் வந்த அன்று நானும் அம்மாவும் சாவியோடு அங்கே போய் நின்றோம். சொல்வதற்கு மூன்று பொய் தயார் செய்து வைத்திருந்தேன். நாரை தூக்கியது, கள்ளன் தூக்கியது, நான் வரும்போதே இல்லை. மாமா பயணப்பையைத் தோளில் இருந்து கழற்றாமலே குளத்தடிக்குப் போய்க் கையைத் தட்டினார். ஐந்தாறு சின்ன மீன்கள் வந்தன. இன்னொரு தடவை தட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அண்ணை, மூத்தவள் எங்கை?" ஐந்து கிழமை வெயிலில் அலைந்து கறுத்த முகம். மூன்று பொய்யும் எனக்கு மறந்துவிட்டது.

"செத்துப்போச்சு. நான்தான். சோறு போட்டனான்."

"சோறோ? குளத்துக்கோ?"

உன் அம்மா என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை எழுத என்னிடம் சொல் இல்லை. உனக்கு அதைத் தெரியும், நீயும் பட்டிருக்கிறாய். கதவடியில் மாமியும் சுபாவும் பெட்டிகளோடு நின்றார்கள். சுபா என்னைப் பார்க்கவில்லை, தன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது, என்ன நடக்கப்போகிறது என்று.

"கலியாணத்துக்கு மூண்டு மாசம் இருக்கேக்கை," என்று தொடங்கினார் மாமி.

"சனிக்கிழமைச் சோறு," என்றேன் நான். "காகம் இல்லாதபடியால். தம்பியின்ர ஏழரைச் சனிக்கு இவ பிடிச்ச விரதம்."

மாமி நிறுத்தினார். பெட்டியைக் கீழே வைத்தார். "எள்ளும் போட்டதோ?"

"எள்ளும் போட்டு, எல்லாக் கறியும் வைச்சனான்," என்றாள் அம்மா.

"எத்தினை சனி?"

"நாலு."

"நாலாவதிலையோ செத்தது?" மாமி குளத்தடிக்கு வந்து எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கொண்டுவந்து வைச்சது நீங்களோ அண்ணை? வெறும் வயித்தோடையோ? கொண்டுவாறவன் வெறும் வயித்தோட வந்தால்தான் அது பலிக்கும்."

"ஓம்," என்றேன்.

"அப்ப என்ன!" என்று கையைத் தட்டினார் மாமி, மாமா தட்டியதைவிடச் சத்தமாக. "பிள்ளையின்ர சனியன் மீனோட போயிட்டுது! இதைவிடச் சகுனம் வேணுமோ? சுபா, கூறையை எடுத்து மாமிக்குக் காட்டு."

சுபா அழுதுவிட்டாள். கூறையை உன் அம்மாவுக்கு முன்னால் விரித்தார்கள். நல்ல சிவப்பு; நீ பார்க்கவில்லையே என்றிருந்தது. மாமா மட்டும் எலுமிச்சை மரத்தடியில் நின்றார். நான் பக்கத்தில் போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு காதுக்குள் கேட்டார்: "கடையில எங்கையும் விசாரிச்சனீங்களோ? என்ர பேர் சொன்னனீங்களோ?" இல்லை என்றேன். வைக்காட்டோப் பக்கம் ஓடையொன்றில் இருந்து விரலளவில் பிடித்து வாளியில் கொண்டுவந்து எட்டு வருடம் வளர்த்தாராம். வெளியே சொல்லி அழவும் முடியாத சாவு. உன் மாமாவிடம் கொஞ்சம் அன்பாக இரு.

புத்தி சொல்லாமல் முடித்தால் நான் அப்பன் இல்லை. உங்களுக்கு ஒரு பிள்ளை பிறக்கும். வாயைத் திறக்கும். திறந்த வாயெல்லாம் உன்னைத்தான் கூப்பிடுகிறது என்று நினைக்காதே. மூத்தவள் ஒரு நாளும் என் முகத்தைப் பார்த்ததில்லை, கையைத்தான் பார்த்தாள். அது கண்ணுக்கு முன்னால் இருந்தும் நான் காண விரும்பவில்லை. பிள்ளை போதும் என்று சொன்னால் போதும் என்றே எடுத்துக்கொள், மரியாதை என்று எடுக்காதே. பிறகு நண்பர்களின் கார் மிஞ்சும். என்னிடம் நீ வாங்கியது பெரும்பாலும் நான் என் பசிக்குக் கொடுத்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சேற்றையும் கிளறினேன். ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது அம்மாவைக் கூப்பிட முதல் என்னோடு ஐந்து நிமிடம் கதை. தீனி ஒன்றும் தரமாட்டேன்.

கலியாணம் இப்போது உறுதி. மாமி ஊர் முழுக்கத் தொலைபேசி எடுத்து, சம்பந்தி வெறும் வயிற்றோடு ஏவன்டேலில் இருந்து சனியைச் சுமந்துவந்து இறக்கிவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மாகூட என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கிறாள். உனக்கு மட்டும் சொல்கிறேன்: ஏவன்டேல் நிலையத்தடி மூலைக்கடையில், ரயில் ஏறமுதல், நாலு சனிக்கிழமையும் மாவுக்குள் மாட்டிறைச்சி வைத்துச் சுட்ட பை ஒவ்வொன்று வாங்கிச் சூடாகத் தின்றுவிட்டுத்தான் போனேன்; இரண்டாம் சனிக்கிழமை இரண்டு.

அன்புடன்,
அப்பா